பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
இது காசுக்கு வாங்கும் என்ஜின்.
பார்க்கலாம்.
அதோடு என் பிழைப்பே பல்தான்:
திருகோணமலை ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
மெழுகு மணக்கும் அறையொன்றில்
முகம் தெரியாத வாய்களுக்குப்
பதினாறு வருடமாய்ப் பல் கட்டுகிறேன்.

உவர்மலையில் ரோலண்ட் பார்த்தலட்
பழைய பேப்பர் விரித்த மேசையில்
இரண்டை வைத்திருந்தார்.
ஒன்று பச்சை, பெட்டியோடு.
எண்ணெய் எங்கே விடவேண்டுமென்ற படத்தாளும்
மடிப்புக் கலையாமல் உள்ளே.
மற்றது கறுப்பு. பெட்டி இல்லை.
முன்தாங்கிகளில் ஒன்று இல்லை.
இலக்கத்தை யாரோ சுரண்டிவிட்டு
வெள்ளைப் பெயின்றால் வேறொன்று எழுதியிருந்தார்கள்;
அதில் ஒரு எட்டு
நடக்கப் பழகும் பிள்ளைபோலச் சரிந்து நின்றது.

“ஓடும் பிள்ளை. வடிவா ஓடும்.”
“கடைசியா எப்ப ஓடினது?”
அவர் வேலிப்பக்கம் பார்த்தார்.
அங்கே ஒரு மான்
பொலித்தீன் பையொன்றை மென்றுகொண்டிருந்தது.
“சுனாமிக்கு முன்னம்.”

முதலில் மூக்கு.
கருகிய வார்னிஷ் மணத்தால் சுருள் போயிற்றென்று அர்த்தம்;
கறுப்பு மணக்கவில்லை,
தையல் மெஷின் எண்ணெயும் கொஞ்சம் கரப்பானும் மட்டும்.
பிறகு சக்கரம்: விரலால் உருட்டினால்
எங்கேயாவது தடக்குகிறதா.
பிறகு மூடியைக் கழற்றிப் பற்சக்கரம்:
இருபத்தாறு பல். எல்லாம் இருந்தன.
இந்த ஊரில் அப்படியொரு வாயை
நான் அடிக்கடி காண்பதில்லை.
ஒன்பது வோல்ட் பற்றரியின் இரண்டு வயரையும்
சக்கரங்களில் தொட்டேன்.
தும்மியது. நின்றது.
பிறகு மேசையைவிட்டே ஓடப் பார்த்தது,
பின்பக்கமாக.

“பச்சையையும் கழட்டட்டோ?”
“அதை விடும். கைபட்டா பெயின்ற் போகும்.
கொழும்பில ஒருத்தர் அட்வான்ஸும் அனுப்பிட்டார்.”
நான் பையிலிருந்த வாய்க்கண்ணாடியை எடுத்து
அதன் வயிற்றுக்குக் கீழே பிடித்தேன்.
மயிரிழை வெடிப்புகள்.
வார்ப்பு ஊதி, அச்சுகளை நெரித்திருந்தது.
உலோகத்துக்கும் சொத்தை உண்டு.
தூர்க்க முடியாத சொத்தை;
ஒருநாள் கையில் எடுத்தால் கையிலேயே உதிரும்.

நான் சொல்லவில்லை.
சொத்தையென்று சொல்வது டொக்டரின் வேலை,
எனக்கு வருவது அச்சு மட்டும்.
அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.
கறுப்பின் குறைகளை மட்டும்
ஒவ்வொன்றாய் எண்ணிக் காட்டினேன்:
தாங்கி இல்லை, கார்பன் தேய்ஞ்சு போச்சு, இலக்கம் பொய்.
இருபத்திரண்டில் நின்றவர் பதினெட்டாயிரத்துக்கு இறங்கினார்,
வளைவுத் தண்டவாளம் நாலும் சேர்த்து.

குகதாசனிடம் எட்டாயிரம் என்றேன்.
அவர் அதற்கே
“இது கறி காய்ச்ச உதவுமோ?” என்றார்.

இரவு, கொழும்பு ரயில் கூவிப் போனபின்
தாங்கமுடியாமல் போன் எடுத்தேன்.
“அங்கிள், அந்தப் பச்சையின்ர அடி...”
“தெரியும் பிள்ளை.”
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
“அதாலதான் உம்மைக் கழட்ட விடேல்லை.
அவருக்குப் பெட்டிதான் வேணும்.
அலுமாரியில வைக்கிற ஆள்.
அதை அவர் ஒருநாளும் ஓட்டப்போறேல்லை.”

நான் என்ன சொல்ல.
அவருக்கும் எனக்கும் ஒரே தொழில்போல இருந்தது.

இல்லாத தாங்கியை
மிச்சமிருந்த அக்ரிலிக்கில் வார்த்தேன்.
என்னிடம் இருந்தது ஈறு நிறம் மட்டும்.
கறுப்பு முகத்தில் அந்த ஒரு ரோஸாப் பொட்டோடு
வேலைமேசைக்குக் கீழே வட்டமடிக்கிறது,
என் மற்ற இரண்டும் போகும் பக்கத்துக்கு எதிராக.
முன்பு யாரோ காந்தத்தைத் தலைகீழாய்ப் பூட்டியிருக்கிறார்கள்.
நாலு ஆணி கழற்றினால்
திருப்பிப் போடலாம்.
இன்னும் கழற்றவில்லை.